தாத்தாவின் வயர்லெஸ் நோட்டு: "க்யூ.டி.எம். 173, பி" என்றால் என்ன?

மஞ்சக்குப்பம் பேத்தி:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவின் அப்பா 1950களில் சென்னை மீனம்பாக்கத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு கடலூருக்கே வந்துவிட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலமானார். அவர் என்ன வேலை பார்த்தார் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் "ஏர்போர்ட்டில் தந்தி அடித்தார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்தபோது தகரப் பெட்டியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. முழுக்கப் பென்சில் எழுத்து. எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்துகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் அச்சு மாதிரி. ஒவ்வொரு வரியிலும் முதலில் நாலு இலக்க எண், அப்புறம் வி.டி. என்று தொடங்கும் ஐந்தெழுத்து, அப்புறம் இப்படி ஏதாவது:

2341 — க்யூ.டி.எம். 173 — பி
0412 — க்யூ.டி.எம். 034 — ஏ

சில பக்கங்களில், முக்கியமாக அக்டோபர், நவம்பர் தேதிகளில், "க்யூ.ஆர்.என். 5" என்று வரிக்கு வரி இருக்கிறது. பக்கத்தின் மேல் மூலையில் ஓர் எண்ணும் "கே.சி." என்ற எழுத்தும்.

முதல் எண் நேரமாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு டூட்டிக்குப் போனால் காலையில்தான் வருவார் என்கிறார் அம்மா. நோட்டில் அந்த ஷிப்ட் 1530க்குத் தொடங்குகிறது. இன்னொன்று, தாத்தாவின் மேசையில் இரண்டு கடிகாரம் இருந்ததாம். ஒன்று எப்போதும் தப்பான நேரமே காட்டும், அதைச் சரிசெய்யப் போனால் கோபப்படுவாராம்.

இந்த எண்களும் எழுத்துகளும் என்ன? அவர் தந்தி அடித்ததைத்தான் எழுதி வைத்திருக்கிறாரா, இல்லை வேறு வேலையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் ரவி:

வி.டி. என்பது இந்திய விமானங்களின் பதிவெழுத்து. இப்போதும் எல்லா விமானத்தின் வாலருகிலும் பார்க்கலாம். அதனால் ஒவ்வொரு வரியும் ஒரு விமானத்தைப் பற்றியது. மற்றதை லாஸ்பேட்டை சார் பார்த்தால் சொல்வார், அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

லாஸ்பேட்டை ஓய்வாளர்:

பேத்திக்கு வணக்கம் அம்மா. எழுபதுகளில் சிவில் ஏவியேஷன் டிபார்ட்மென்ட்டின் கம்யூனிகேஷன் பிரிவில் சேர்ந்து, அலகாபாத் பம்ரௌலி மையத்தில் பயிற்சி எடுத்து, பல ஊர் விமான நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். உங்கள் தாத்தா வயது ஆட்கள்தான் எங்களுக்கு மோர்ஸ், அதாவது குறில் நெடில் ஓசைகளால் எழுத்தைச் சொல்லும் தந்தி முறை, பழக்கினார்கள். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. கேட்டதற்கு நன்றி. நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. விமான வயர்லெஸ்ஸில் எந்த ஊரில் இருந்தாலும் கிரீன்விச் நேரம்தான். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். இரவு ஒன்பது மணி என்றால் 1530. உங்கள் 2341 என்பது இங்கே விடியற்காலை 5.11. நோட்டில் போட்டிருக்கும் தேதி முந்தைய நாளுடையதாக இருக்கும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். கே.சி. என்பது கிலோசைக்கிள். இன்று கிலோஹெர்ட்ஸ் என்கிறோமே, அதேதான்.

இப்போது முக்கியமான விஷயம். க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துகள் எல்லாம் வயர்லெஸ்காரர்களின் சுருக்கக் குறிகள். க்யூ.டி.எம். என்பது ஒரு கேள்வி. வானத்தில் இருக்கும் விமானம் கேட்கிறது: "உன் நிலையத்துக்கு வந்து சேர நான் காம்பஸில் எத்தனை டிகிரி பிடித்துப் பறக்க வேண்டும்?" 173 என்பது உங்கள் தாத்தா சொன்ன பதில். காம்பஸில் 180 நேர்த் தெற்கு. ஆக, அந்த விமானம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருந்திருக்கிறது. வடக்கிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னையை நெருங்கிய விமானம் எது? 1949 ஜனவரியில் இரவு அஞ்சல் சேவை தொடங்கியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊரிலிருந்தும் டகோட்டா விமானங்கள் இரவில் கிளம்பி நாக்பூரில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றி ஏற்றிக்கொண்டு திரும்பும். நாக்பூரிலிருந்து சென்னைக்குக் கோடு போட்டுப் பாருங்கள், 173க்கு ஒரு டிகிரி இப்படி அப்படித்தான் வரும். நேரமும் திசையும் அதற்கே பொருந்துகின்றன.

034 இன்னும் பக்கத்து விஷயம். அது தென்மேற்கிலிருந்து, அதாவது திருச்சி பக்கமிருந்து வந்த விமானம். திருச்சி–சென்னை நேர்கோடு உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் தலைக்கு மேலேயே போகிறது. 1938ல் டாடா விமான சேவை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டதிலிருந்து அது பழகிய தடம்.

அந்த 173ஐ அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைத்தான் உங்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடார் கிடையாது. விமானம் கண்ணுக்குத் தெரியாது, அதுவும் இருட்டில். டகோட்டாவில் பைலட்டுகளுக்குப் பின்னால் ரேடியோ ஆபீசர் உட்கார்ந்திருப்பார். அவர் மோர்ஸில் க்யூ.டி.எம். கேட்டுவிட்டு, மோர்ஸ் அடிக்கும் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பார். "டீ...." என்று ஒரே நீளமான ஓசை. கீழே, திசையறியும் அறையில் இருப்பவர் காதில் ஹெட்போனோடு கோனியோமீட்டர் என்ற கருவியின் குமிழைத் திருப்புவார். திருப்பத் திருப்ப ஓசை ஏறும், இறங்கும். ஓரிடத்தில் தேய்ந்து, அடங்கிப் போகும். அதை மினிமம் என்போம். அங்கேதான் திசை.

ஓசை பலமாக இருக்கும் இடத்தை ஏன் எடுக்கவில்லை என்று புதிதாகச் சேர்ந்த எல்லோரும் கேட்போம். உச்சிக்கு அருகில் குமிழைப் பத்து டிகிரி நகர்த்தினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அடங்கும் இடத்திலோ ஒன்றிரண்டு டிகிரி தள்ளினாலே ஓசை மீண்டும் எழும். ஆகவே அந்த இடத்தைத் தாண்டி இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என ஆட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவு ஓசை வரும் இடங்களைப் பிடித்து, நடுவை எடுப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மினிமம் எதிரெதிராக இரண்டு இடத்தில் கிடைக்கும். விமானம் வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று அது சொல்லாது. சென்ஸ் ஏரியல் என்ற தனிக் கம்பியின் இணைப்பைப் போட்டு எது சரி என்று பார்க்க வேண்டும். அதில் சறுக்கினால் வங்காள விரிகுடாவுக்குள் அனுப்பிவிடுவோம். இத்தனையும் முடித்து, பதிலைக் கீயில் அடித்து, நேரத்தையும் எண்ணையும் நோட்டில் ஏற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. விமானம் அதற்குள் இரண்டரை மூன்று மைல் நகர்ந்திருக்கும்.

பி என்ற எழுத்து அவருடைய நேர்மை. ஏ என்றால் இரண்டு டிகிரிக்குள் சரி. பி ஐந்து டிகிரி. சி பத்து டிகிரி. தன் காதில் கேட்டது எவ்வளவு தெளிவு என்பதை அவரே மதிப்பிட்டு விமானத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தியிலும் விடியலிலும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு கலந்துவிடும். மினிமம் மங்கும், அலையும். அதனால்தான் 5.11 மணி வரியில் பி, காலை 9.42க்கு ஏ. வளையக் கம்பிகளில் இந்தத் தொல்லை அதிகம் என்றுதான் அட்காக் என்பவர் 1919ல் காப்புரிமை பெற்ற முறை பிறகு பரவியது: வெட்டவெளியில் நான்கு செங்குத்துக் கம்பங்கள், நடுவில் ஒரு சின்ன அறை. கட்டடங்களும் மின்கம்பிகளும் அருகில் இருக்கக்கூடாது என்பதால் அந்த அறை எப்போதும் நிலையத்தை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். ராத்திரி டூட்டிக்கு டார்ச்சும் தடியும் இல்லாமல் போக மாட்டோம் என்று மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாம்பு.

க்யூ.ஆர்.என். என்பது இடி மின்னலால் வரும் இரைச்சல். ஐந்து என்றால் மிகக் கடுமை. வடகிழக்குப் பருவமழையில் ஹெட்போனில் அப்பளம் நொறுக்குவது போல் ஓயாமல் இருக்கும். அதற்கு நடுவே மெல்லிய "டீ" ஒன்றின் அடங்கும் புள்ளியைத் தேட வேண்டும். உங்கள் தாத்தா அந்த மாதங்களில் வரிக்கு வரி அதை எழுதியிருக்கிறார் என்றால், அந்த இரைச்சலுக்குள்ளும் வேலை நடந்திருக்கிறது.

தந்தியும் அடித்திருப்பார். வானிலை, எந்த விமானம் எப்போது கிளம்பியது என்ற செய்திகளெல்லாம் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு மோர்ஸில்தான் போயின. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிகள் வேறு. அவற்றில் ஒவ்வொன்றும் அவர் காதைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்த ஒரு விமானம்.

மஞ்சக்குப்பம் பேத்தி:

சார், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது கடிகாரத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம் என்று ரொம்ப வருத்தப்பட்டார். இன்னொரு கேள்வி. இந்த வேலை இந்தியாவில் மட்டும் இப்படியா, எல்லா நாட்டிலுமா? எப்போது ஆரம்பித்தது?

லாஸ்பேட்டை ஓய்வாளர்:

எல்லா நாட்டிலும்தான். 1920களிலேயே லண்டனின் கிராய்டன் நிலையத்தில் நடந்திருக்கிறது. கிராய்டன், லிம்ப்னி, புல்ஹாம் என்று மூன்று இடத்தில் ஒரே விமானத்தின் ஓசைக்குத் திசை பிடித்து, மற்ற இரண்டும் கிராய்டனுக்குச் சொல்ல, வரைபடத்தில் கோடுகள் வெட்டும் இடத்தை விமானத்துக்குத் தெரிவிப்பார்கள்.

நம் நாட்டில் 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்தில் வயர்லெஸ்ஸே இல்லை. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டிவந்த நெவில் வின்சென்ட்டுக்கும் கண்ணும் காம்பஸும்தான் துணை. அதை எல்லோரும் சாகசம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் வாரா வாரம், மழையோ மூட்டமோ, விமானம் வந்தே தீர வேண்டுமென்றால் சாகசம் போதாது. கீழே ஒருவர் காத்திருக்க வேண்டும்.

விமானத்தில் உலகைச் சுற்றப் புறப்பட்ட அமெரிக்கப் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட் கதை எல்லோருக்கும் தெரியும். 1937 ஜூனில் கராச்சி, கல்கத்தா வழியாகத்தான் போனார். ஜூலை 2ல் பசிபிக்கில் ஹௌலண்ட் தீவைத் தேடிக் காணாமல் போனார். தீவருகே இடாஸ்கா என்ற கப்பல் நின்றது. அதன் வயர்லெஸ் ஆட்கள் அவர் குரலைப் பலமாகவே கேட்டார்கள். ஆனால் அவர் பேசிய 3105 கிலோசைக்கிளில் கப்பலின் கருவியால் திசை பிடிக்க முடியாது. அவர் கேட்டபடி 7500ல் கப்பல் சிக்னல் அனுப்பியது. கேட்கிறது, ஆனால் மினிமம் கிடைக்கவில்லை என்று பதில் சொன்னார். அவருக்கும் உடன் போன நூனனுக்கும் மோர்ஸ் சரளமாக வராது. ஓசை இருந்தது, ஆள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் முன்கூட்டிப் பேசிவைத்த ஒழுங்கு இல்லை. கோடிக்கணக்கானவர்கள் அந்த விமானத்தைப் பற்றிப் படித்திருக்கிறார்கள். இடாஸ்காவின் ரேடியோ அறையில் விடிய விடியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் லாக்கை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எங்கள் தொழில்காரர்களுக்கு அதுதான் தாங்க முடியாத பகுதி.

முத்தியால்பேட்டை பிரெஞ்சு வாத்தியார்:

பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், புதுச்சேரிக்காரன் சொல்லாமல் யார் சொல்வது. 1930 மே 12, 13ல் பிரெஞ்சு விமானி மெர்மோஸ் செனகலின் சேன்-லூயியிலிருந்து பிரேசிலின் நத்தாலுக்குத் தபாலோடு தென் அட்லாண்டிக்கைத் தாண்டினார். லாத்தேகோயேர் 28 என்ற மிதவை விமானம், 21 மணி நேரம். பள்ளியில் மெர்மோஸ் பெயர் மட்டும் சொல்லித் தருவார்கள். அந்த விமானத்தில் மூன்று பேர். வழி பார்த்தவர் தாப்ரி. வயர்லெஸ் பார்த்தவர் லெயோபோல் ழிமியே. என் மாணவர்களிடம் மூன்று பெயரையும் எழுதச் சொல்வேன்.

1936 டிசம்பர் 7ல் மெர்மோஸ் தன் "தென்சிலுவை" விமானத்தோடு அதே கடலில் மறைந்தார். டக்கார் பக்கமிருந்து கிளம்பியவர்களிடமிருந்து 10.47க்கு வந்த கடைசிச் செய்தி: "வலப்பக்கப் பின் எஞ்சினை நிறுத்துகிறோம்." அவ்வளவுதான். அந்தச் சொற்களைக் கீயில் அடித்தவர் ரேடியோ ஆபரேட்டர் க்ருவேலியே. அவரும் திரும்பவில்லை.

1931ல் மார்செய்–சைகோன் பிரெஞ்சு விமான சேவை வந்தபோதும் கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா என்று வடக்கே போய்விட்டது. பிரெஞ்சு ஊரான புதுச்சேரியில் இறங்கவில்லை. நமக்குக் கப்பல்தான்.

அரியாங்குப்பம் ஹாம்:

தங்கச்சி, நான் ஹாம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ் நிலையம் வைத்திருப்பவன். தாத்தா கேட்ட ஓசை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், அம்மாவையும் அழைத்து வாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் சாயங்காலம் ஆனால் மோர்ஸ் நிறைய கேட்கும். கொஞ்ச நாள் பழகினால் ஆளே தெரியும். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு, பெயர் வருவதற்குள் இவர் இன்னார் என்று சொல்லிவிடலாம். 6676, 11387 கிலோஹெர்ட்ஸில் மும்பை, கொல்கத்தா நிலையங்கள் விமானங்களுக்கு வானிலை வாசிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். அதில் க்யூ.என்.எச். என்று வரும், காற்றழுத்தக் கணக்கு. உங்கள் தாத்தா நோட்டில் இருக்கும் அதே க்யூ குடும்பம்தான், இன்றும் ஒவ்வொரு விமானமும் இறங்குமுன் அதைக் கேட்டு வாங்குகிறது.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: உள்ளே ஏரியலாகச் சின்ன ஃபெரைட் ராடு உள்ள பாக்கெட் டிரான்சிஸ்டர் இருந்தால், மீடியம் வேவில் ஒரு நிலையத்தை வைத்து ரேடியோவை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ஓசை அடங்கும். அதுதான் சார் சொன்ன மினிமம்.

மஞ்சக்குப்பம் பேத்தி:

அண்ணா, பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் இப்போதே செய்து பார்த்தேன். உண்மையாகவே அடங்குகிறது! கண்டிப்பாக வருகிறோம்.

சார், இந்த நோட்டை என்ன செய்யலாம்? மாமா லாமினேட் செய்யலாம் என்கிறார்.

லாஸ்பேட்டை ஓய்வாளர்:

லாமினேட் வேண்டவே வேண்டாம் அம்மா. அந்தச் சூடும் பசையும் காகிதத்தைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் கூடாது. துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கம் பக்கமாகப் போனில் படமெடுங்கள். பென்சில் எழுத்து மை மாதிரி ஊறிப் பரவாது, ரப்பர் படாமல் பார்த்துக்கொண்டாலே நிற்கும். கடலூர் உப்புக் காற்றுக்குத் தரையோரம் வைக்காதீர்கள்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நிலையத்தின் லாக் புத்தகங்களைக் குறைந்தது முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச விதி. விசாரணை ஏதாவது இருந்தால்தான் அதற்கு மேல். முப்பது நாள்! நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பழைய லாக்குகளை மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டதைப் பார்த்தேன். விதிப்படி யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் ஒரு தலைமுறை ஆட்கள் ராத்திரி ராத்திரியாக எழுதியது அது. பைலட்டுகளுக்கு லாக் புத்தகம் சொந்தச் சொத்து, வீட்டில் இருக்கும், பேரப்பிள்ளைகள் காட்டுவார்கள். கீழே இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. உங்கள் தாத்தா தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டிருக்கிறார் போல. இந்த மாதிரி நோட்டு என் கண்ணில் இதுவரை பட்டதில்லை.

ஒன்று பாருங்கள். வரியின் கடைசியில், அல்லது ஷிப்ட் மாறும் இடத்தில், இரண்டெழுத்து இனிஷியல் ஏதாவது இருக்கிறதா? பொறுப்பை ஒப்படைக்கும்போதும் வாங்கும்போதும் கையெழுத்துக்குப் பதில் அதைப் போடுவது வழக்கம். இருந்தால் அவை உங்கள் தாத்தாவோடு அந்த அறையில் இருந்தவர்களுடையவை.

மஞ்சக்குப்பம் பேத்தி:

இருக்கிறது சார்! 0030 என்று போட்ட வரிகளில், அதாவது காலை ஆறு மணிக்கு, தாத்தாவின் எழுத்துகளுக்குக் கீழே வேறு இரண்டெழுத்து. கையெழுத்தும் வேறு. புரட்டினால் இன்னும் சில ஜோடிகள் தெரிகின்றன. ஒருவர் எப்போதும் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறார். எல்லாவற்றையும் தேதியோடு பட்டியல் எடுத்து, படங்களோடு இந்த இழையிலேயே போடுகிறேன். அந்தக் காலத்தில் மீனம்பாக்கம் வயர்லெஸ்ஸில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், வீட்டுப் பெரியவரின் இனிஷியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.